துப்பினால் கை நனைத்தது ஆகாது

என்னைப் பெண் பார்க்க இதுவரை ஒன்பது கூட்டம் வந்திருக்கிறது. ஒன்பது கூட்டத்துக்கும் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள், கேசரி கிண்டினாள், காப்பி ஆற்றினாள். ஒன்பது கூட்டமும் தட்டைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ங்க, உறுதியானதும் கை நனைச்சுக்கலாம்" என்று சொல்லி எழுந்து போனது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பஜ்ஜியை நானும் அப்பாவும் மறுநாள் வரைக்கும் தின்றோம். எனக்கு வயது முப்பத்துமூன்று. வாழைக்காயைக் கண்டாலே இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

இந்தக் கை நனைக்கிற சமாசாரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசி முடியும் முன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குவது மரியாதை இல்லை. ஆரம்பத்தில் இது இலை போட்ட சாப்பாட்டுக்கு மட்டும்தான் இருந்திருக்கும். யாரோ கெடுபிடிக்காரர்கள் அதைக் காப்பிக்கு நீட்டி, அப்படியே தண்ணீருக்கும் நீட்டிவிட்டார்கள். எட்டாவது கூட்டத்தில் ஒரு பெரியவருக்கு விக்கல் எடுத்தது. கண்ணில் நீர் முட்ட அரை மணி நேரம் விக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாரே தவிர, எங்கள் வீட்டுச் சொம்பைத் தொடவில்லை.

இதில் என்ன கொடுமை என்றால், என் தொழிலே டீ ருசி பார்ப்பது. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. கொரோனா நேரத்தில் புதுக்கோட்டைக்கு வந்தவள், அதன் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கம்பெனி ஆறு வகைத் தூளைச் சின்னப் பொட்டலங்களாக நம்பர் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கூரியரில் அனுப்பும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். நான் சொல்லச் சொல்ல வெந்நீர் ஊற்றி, ஸ்பூனில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்புவார்கள். சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் காற்றோடு கலந்து நாக்கு முழுக்கப் படும். துப்பினால்தான் அடுத்த கோப்பைக்கு நாக்கு மிஞ்சும். இந்த எட்டு வருடத்தில் வேலை நேரத்தில் நான் ஒரு மடக்கு டீகூட விழுங்கியதில்லை. அப்பா நாகராசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக்காரர்களிடம், "பாப்பா டீ கம்பெனில ஆபீசரு" என்று மட்டும் சொல்லுவார். துப்புகிற விஷயத்தை வெளியே விடமாட்டார்.

பத்தாவதாக வந்த வரன் ரகுநாத். ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர், மின்வாரியத்தில் வேலை, வயது முப்பத்தாறு. நேரில் பார்த்ததில்லை. தரகர் நம்பர் கொடுத்து, ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். என் வேலையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். இவர் சிரிக்கவில்லை. "அம்புட்டு நல்ல டீயத் துப்புறப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்காதாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்துப்போயிற்று. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

குறுக்கே நின்றது அவருடைய தாய்மாமன் அய்யாக்கண்ணு. ரகுநாத்தின் அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அக்கா இருளாயியையும் பிள்ளையையும் தாங்கி வளர்த்தவர் அவர்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதற்கெடுத்தாலும் ஒரு விதி வைத்திருப்பார். ரகுநாத்துக்கு வந்த நான்கு வரன்களை ஏற்கெனவே தட்டிக் கழித்திருக்கிறார். ஒரு வீட்டில் அவர் காலை உள்ளே வைத்த நேரம் குக்கர் விசில் அடித்ததாம், அதற்காக வேண்டாம் என்றாராம். "மாமா சொன்னா என்னால தட்ட முடியாதுங்க" என்று ரகுநாத் போனில் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஆடி மாதம். ஆடியில் பெண் பார்க்கப் போகக் கூடாது என்றார் மாமா. ஆவணி பிறந்ததும் அறந்தாங்கியில் இன்னொரு பெண்ணைப் பார்க்க நாள் குறித்துவிட்டார் என்றும் தெரிய வந்தது. எனக்குப் பகீரென்றது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என்னுடைய சனிக்கிழமை வகுப்பில் அவர்களும் சேர்ந்துகொள்ளட்டும், பெண்ணையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று ரகுநாத் மூலமாகச் சொல்லியனுப்பினேன். மாமா இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "போனாத்தான் போனது. கம்ப்யூட்டர்ல பாக்குறது போறதுல சேராது."

என் கணக்கு வேறு. பொட்டலம் என்னிடமிருந்து போகிறது. அதை அவர்கள் வீட்டில் அவர்களே போட்டுக் குடிக்கப் போகிறார்கள். துப்புகிற பேச்சை மட்டும் நான் எடுக்கப்போவதில்லை. குடித்துவிட்டால் கை நனைத்தாயிற்று. விதி பேசுகிற மாமா அந்த விதிக்குள்ளேயே வசமாக மாட்டிக்கொள்வார். இதைச் சொன்னதும் அம்மா, "அடி கள்ளி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்கே கூரியர் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு வெளியாள் ஒரே ஒருவர்தான் பதிவு செய்திருந்தார். திருச்சியைச் சேர்ந்த ஆரோக்கியதாஸ், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். "சார், இன்னைக்கு எங்களுக்கு வேண்டியவங்களும் கூட வாராங்க" என்று சொன்னேன். "தாராளமா வரட்டும் மேடம்" என்று நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார். நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேலே கம்பெனி ஏப்ரனும் மாட்டியிருந்தேன். லேப்டாப்புக்குப் பின்னால், திரையில் தெரியாத இடத்தில் அப்பாவும் அம்மாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரியாகப் பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையும் துண்டுமாக மாமா, பக்கத்தில் ரகுநாத். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் இருளாயி அம்மா கெட்டிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஆறு டம்ளர் வரிசையாக இருந்தன. நான் கும்பிட்டேன். மாமா கும்பிடவில்லை.

"மொதல்ல ஒரு விசயம்" என்றார் மாமா. "தூளு ஒங்க வீட்டுத் தூளு. தண்ணி எங்க வீட்டுத் தண்ணி. அடுப்பு எங்க அடுப்பு. இதக் குடிச்சா கை நனைச்சதுல வருமா, வராதா?"

இந்த மனிதர் இதை யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"சார், தண்ணி தொண்ணூத்தெட்டு சதவீதம் உங்களுது" என்றார் ஆரோக்கியதாஸ், கேட்காமலேயே. "தூளு ரெண்டு சதவீதம்தான்."

"நீங்க யாருங்க?"

"நான் டீ டேஸ்டிங் கத்துக்க வந்தவன் சார்."

"சதவீதமெல்லாம் இதுல எடுபடாது" என்றார் மாமா. "எலையில வச்ச சோத்துல உப்பு எத்தன சதவீதம்? சந்தேகம்னு வந்துட்டா குடிக்கக் கூடாது. எடுத்து வைங்கக்கா."

இருளாயி அம்மா டம்ளரை எடுக்கப் போனார். ரகுநாத் தலையைக் குனிந்துகொண்டார். என் வாய் தன்பாட்டில் பழக்க தோஷத்தில் வகுப்பை ஆரம்பித்துவிட்டது. "யாரும் குடிக்க வேண்டியதில்லைங்க. வாய்ல வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிடலாம். துப்புறதுதான் முறை." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா லேப்டாப்புக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "துப்பலாமா?"

"துப்பணும் சார், அதான் விதி" என்றார் ஆரோக்கியதாஸ்.

விதி என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பச் சரி. தொண்டையில எறங்குனாத்தான் கை நனைச்சது. துப்புனா வாய் கொப்புளிச்சதோட சரி. அக்கா, துப்புறதுக்கு ஆளுக்கொரு போணி எடுத்துட்டு வாங்க. சார், நீங்க ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஆளு. என் தொண்டையவே பாத்துக்கிட்டு இருங்க. முடிவு சொல்றவன் நான், அதனால என் தொண்டை மட்டும் போதும். ஒரு சொட்டு எறங்கலேன்னு நீங்கதான் சாட்சி."

"எழுதிக்கிறேன் சார்" என்று ஆரோக்கியதாஸ் நோட்டில் கோடு போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் போயிருப்பேன். ரகுநாத் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடவில்லை.

முதல் நம்பர். நான் உறிஞ்சிக் காட்டினேன். ஆரோக்கியதாஸ் உறிஞ்சினார், அது உதட்டோடு நின்றுவிட்டது. மாமா உறிஞ்சினார். அந்தச் சத்தத்தை நான் குன்னூரில்கூடக் கேட்டதில்லை. சர்ரென்று ஒரே இழுப்பு. வாயில் சுழற்றினார், கண்ணை மூடினார், போணியில் கச்சிதமாகத் துப்பினார். "எறங்கல" என்று ஆரோக்கியதாஸ் சொன்னார். ரகுநாத்தும் ஒரு ஸ்பூன் எடுத்து உறிஞ்சினார். பெரியவர்களுக்கு முன்னால் துப்பக் கூச்சப்படுகிறவர் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, போணியை வாயருகே கொண்டுபோய் வைத்து எடுத்தார்.

அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்று வலித்தது. மாமா துப்பட்டும், அவர் துப்புவார் என்று தெரிந்ததுதான். நல்ல டீயைத் துப்பக் கஷ்டமாக இருக்காதா என்று கேட்ட மனிதர் இப்படிச் சட்டென்று துப்பிவிட்டாரே என்று இருந்தது.

"என்ன ருசி தெரிஞ்சுச்சுங்க?" என்று வேலைக்காகக் கேட்டேன்.

"எனக்கு டீ ருசி தெரிஞ்சுச்சு மேடம்" என்றார் ஆரோக்கியதாஸ்.

"மழ பேஞ்ச மறுநா வைக்கப்போரு வாசம்" என்றார் மாமா. "பறிச்ச எலைய உடனே காயப் போடாம வச்சிருந்திருக்கானுங்க."

அந்தத் தூள் அப்படித்தான். மழைநாளில் பறித்து, இலையை வாட்டுவதில் தாமதமானது என்று கம்பெனியின் ரகசியக் குறிப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆன பிறகுதான் எனக்கே அந்த வாசனை பிடிபட்டது. இரண்டாம் நம்பரை, "இது தரமான சரக்கு, பால் ஊத்துனாலும் தாங்கும்" என்றார். மூன்றாம் நம்பரில் புகை ஏறியிருக்கிறது என்றார், ஏறியிருந்தது. நான்காம் நம்பரை வாயில் வைத்த வேகத்தில் துப்பி, "இது பழசு" என்றார். போன வருடத்துச் சரக்கு அது. இப்படி ஒரு நாக்கு இந்த மனிதருக்குப் போய் அமைந்திருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் சொன்னால் நாளைக்கே வேலை போட்டுக் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் "எறங்கல" என்ற குரல் திருச்சியிலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் ரகுநாத் அந்தப் பக்கம் திரும்பிப் போணியை எடுத்தார். இருளாயி அம்மா மட்டும் உட்காராமல் வெந்நீர் கொண்டு வருவதும் டம்ளரைக் கழுவுவதுமாக இருந்தார். ஐந்தாம் நம்பர் முடிந்தபோது நான் மனத்துக்குள் அறந்தாங்கிப் பெண்ணை வாழ்த்திவிட்டேன். அவளும் பஜ்ஜி போட்டு வைத்திருப்பாள், பாவம்.

ஆறாவதுதான் கம்பெனியின் உசத்தியான தூள். "இது கடைசிங்க" என்று சொல்லி ஒரு ஸ்பூனை உறிஞ்சினேன். அங்கே மாமாவும் உறிஞ்சினார். இரண்டு பேர் வாயிலும் டீ சுழன்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் அப்பாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் தோளுக்கு மேலாகத் திரைக்குள் தலையை நீட்டினார்.

"ஐயா, நானும் அப்போதயிருந்து பாக்குறேன். எம் மக அனுப்புன டீய ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் துப்புறீங்க. அவளும் துப்புறா, அது அவ வேல. நீங்க துப்புறது எனக்கு என்னமோ செய்யுது. சம்மதம்னா சம்மதம்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு இப்பவே சொல்லிருங்க. நான் ஆம்பள, தாங்கிக்கிருவேன்."

சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

மாமா பதில் சொல்லக் கையைத் தூக்கினார். வாயில் டீ இருந்தது. போணியை எடுக்கப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பெண்ணின் தகப்பன் சம்மதமா என்று கேட்ட மறுநிமிடம் துப்பினால் அது என்ன பதில் என்று அவருக்கும் தெரியும். அப்படி ஒரு அவமரியாதையைச் செய்கிற ஆள் இல்லை அவர், அந்த அளவுக்கு நல்லவர்தான். விழுங்கினால் கை நனைத்தாயிற்று. கன்னம் இரண்டும் உப்பிக்கொள்ள அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் நிலைமை அதைவிடக் கேவலம். என் வாயிலும் டீ இருந்தது. அப்பா கேட்ட கேள்விக்குப் பின்னால், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு கல்யாணப் பெண் துப்பினால் என்ன அர்த்தம்? நானும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமாவும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

"மேடம், பத்து செகண்டுக்கு மேல வாய்ல வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் மெயில்ல சொல்லியிருந்தீங்க" என்றார் ஆரோக்கியதாஸ். "இப்ப நாப்பது ஆச்சு. நாக்கு மரத்துரும்."

"தம்பி, துப்பிட்டுத்தான் சொல்லேன்" என்றார் இருளாயி அம்மா. மாமா தலையை இடமும் வலமும் ஆட்டினார். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அப்போதுதான் ரகுநாத் எழுந்தார். தன் போணியை எடுத்துக் கேமரா முன்னால் நீட்டி, அப்படியே கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார், விரலில் ஈரம் இல்லை.

"நான் ஒண்ணையும் துப்பலைங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாமா பக்கம் திரும்பினார். "மொத நம்பர்ல இருந்தே முழுங்கிட்டேன் மாமா. அஞ்சும் உள்ள போயிருச்சு. நான் கை நனைச்சுட்டேன். நீங்க என்னைய வளத்தவரு, ஒங்கள மீறணும்னு இல்ல. ஆனா இந்தப் பிள்ளையத்தான் கட்டுவேன்."

மாமாவுக்கு முகம் சிவந்தது. "டேய், யாரக் கேட்டு" என்று அவர் கத்தியது திருச்சி வரைக்கும் கேட்டது. கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாயைத் தடவிப் பார்த்தார், தொண்டையைத் தடவிப் பார்த்தார். அவர் வாயில் ஒன்றும் இல்லை, போணியிலும் புதிதாக ஒன்றும் விழவில்லை.

"சார், எறங்கிருச்சு" என்றார் ஆரோக்கியதாஸ். நோட்டில் குனிந்து எழுதினார். "பதினொண்ணு அம்பத்தொண்ணு. நான் பாத்தேன்."

"அது தவறிப்போய் எறங்குனதுங்க. செல்லாது."

"தொண்டையில எறங்குனாத்தான் கணக்குன்னு சொன்னீங்க சார். தவறிப்போய் எறங்குனா தள்ளுபடின்னு சொல்லல. நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், வேணும்னா வாசிக்கிறேன்."

மாமா எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். தனக்குச் சாதகமான விதி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இருளாயி அம்மா கெட்டிலை மேசையில் வைத்துவிட்டு, முதன்முதலாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு டீக்கு வெந்நி வச்சேன். எனக்கு ஒருத்தரும் ஒரு வாய் குடுக்கல" என்றார். "தம்பி, அந்த ரெண்டாம் நம்பர் நல்லாருக்குன்னு நீதான சொன்ன. அதுல பால் ஊத்தி, சீனி போட்டு, எனக்கு ஒரு கிளாஸ் எடுத்துட்டு வா. நானும் முழுங்கிர்றேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டாம் நம்பர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். "சீனி எங்கிட்டு இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்குப் பின்னால் அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார், அம்மா மூக்கைச் சிந்தினாள்.

நான் இன்னும் துப்பவில்லை. துப்புகிற குவளை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ரகுநாத் கேமரா பக்கம் குனிந்து, "நீங்க துப்பிருங்க, ஒங்க வேலையாச்சே" என்றார். எனக்கு அழுகை வந்தது, அதற்கு மேல் கோபம் வந்தது. ஐந்து டம்ளர் நேரம் என் உயிரை எடுத்துவிட்டு மனிதர் என்ன சாவகாசமாகச் சொல்கிறார் பாருங்கள். நான் உள்ளுக்குள் அறந்தாங்கிக்காரிக்கு மாலையே போட்டாயிற்று. இவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும். கேட்பதற்கு வாய் காலியாக வேண்டும். ஆறாம் நம்பர் ஆறிப்போய், கசந்து, தொண்டையில் இறங்கியது.

"இத மொத நம்பர்லயே சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு அம்பத்தாறு" என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியதாஸ் நோட்டில் எழுதினார். "மேடமும்."